கொலஸ்ட்ரால் மாத்திரை எனக்கு வேண்டுமா?

கேள்வி: வயது 46. சர்க்கரை, பிரஷர், சிகரெட் எதுவும் இல்லை. கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் 142 என்று ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. மாத்திரை ஆரம்பிக்கலாமா டாக்டர்?

பதில்: தடித்த எழுத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். லேப் போடும் எல்லை எல்லாருக்கும் ஒன்றுதான். வயது, பிரஷர், சர்க்கரை, புகை, நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்டிஎல் எல்லாவற்றையும் சேர்த்து, அடுத்த 10 வருடத்தில் மாரடைப்பு வர எவ்வளவு வாய்ப்பு என்று பார்த்துத்தான் முடிவு செய்வோம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்ததா? நம் ஊர்க்காரர்களுக்குச் சின்ன வயதிலேயே வருவதால் இதை நான் கேட்காமல் விடுவதில்லை. அப்படி யாருக்கும் வரவில்லையென்றால் மூன்று மாதம் நடை, சாப்பாட்டில் நெய், தேங்காய் எண்ணெய், வனஸ்பதி குறைப்பு. அப்புறம் மறுபடி டெஸ்ட். தைராய்டும் பாருங்கள், அது குறைந்தாலும் எல்டிஎல் ஏறும்.

கேள்வி: அப்பாவுக்குப் போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது எல்டிஎல் 68. நார்மல்தானே என்று மாத்திரையை விட்டுவிட்டார்.

பதில்: இன்றே அவருடைய இதய டாக்டரிடம் பேசுங்கள். 68க்கு இறங்கியதே மாத்திரையால்தான், விட்டால் சில வாரத்தில் பழையபடி ஏறிவிடும். ஸ்டென்ட் வைத்தவருக்கு 55க்குக் கீழே கொண்டுவரத்தான் பார்ப்போம். ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பு வெடிக்காமல் காப்பதும் அந்த மாத்திரைதான்.

கேள்வி: தங்கைக்கு 29 வயது, ஒல்லி, சைவம். எல்டிஎல் 212. லேப் தப்பாக இருக்குமோ?

பதில்: ஒருமுறை திரும்ப எடுங்கள். அதே அளவு வந்தால் பரம்பரையாக வருவதாக இருக்கலாம். சாப்பாட்டின் மேல் பழி போட வேண்டாம். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். கயிறு முறுக்கியதுபோல் தடித்திருந்தால் கொலஸ்ட்ரால் அங்கேயும் படிந்திருக்கிறது. தடிப்பு இல்லாவிட்டாலும் 190க்கு மேல் தொடர்ந்தால் 10 வருடக் கணக்கெல்லாம் போடுவதில்லை, பொதுவாக மாத்திரைதான். அப்பா, அம்மா, நீங்கள், எல்லாரும் டெஸ்ட் எடுங்கள். தங்கை குழந்தைக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லட்டும், கர்ப்பத்தில் இந்த மாத்திரையைப் பொதுவாக நிறுத்திவிடுவோம்.

கேள்வி: மாத்திரை போட்டதிலிருந்து தொடை வலி. நிறுத்தட்டுமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். வலி பொய் என்று சொல்லவில்லை. பக்க விளைவால் மாத்திரையை விட்ட 60 பேருக்குப் பிரிட்டனில் சில மாதம் நிஜ மாத்திரை, சில மாதம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். நிஜத்தில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். சிறுநீர் மட்டும் கடுங்காப்பி நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.