இறையியல் படிச்சவருக்கு நாவல் எதுக்கு?

அன்புள்ள சார்,

ஒரு இறையியல் பேராசிரியரோட பேச்சு கேட்டேன். அவரோட ஆர்வம் கிறிஸ்தவ விசுவாசம், அறவியல், இலக்கியம்னு அறிமுகப்படுத்தினாங்க. முதல் ரெண்டும் சரி, மூணாவது எதுக்கு? பத்துக் கட்டளை இருக்கு, மலைப்பிரசங்கம் இருக்கு, அதுக்கு மேல கற்பனைக்கதை என்ன சொல்லிடப் போகுது? தப்பா கேட்டிருந்தா மன்னிக்கணும்.

எம்.

அன்புள்ள எம்.,

மன்னிக்க என்ன இருக்கு, நிறைய விசுவாசிகள் மனசுக்குள்ள வச்சிருக்கற கேள்விதான். வேதத்தையே எடுத்துக்கோங்க. தன் படைவீரன் உரியாவைப் போர்முனையில நிறுத்திக் கொன்னு அவன் பொண்டாட்டிய எடுத்துக்கிட்ட தாவீது ராஜாவுக்குக் கட்டளை தெரியாதா என்ன? நாத்தான் தீர்க்கதரிசி போய் கட்டளையப் படிச்சுக் காட்டல, ஒரு கதை சொன்னாரு. ஒரு ஏழை, அவன்கிட்ட ஒரே ஒரு ஆட்டுக்குட்டி, அவன் தட்டுலயே தின்னு அவன் மடியிலயே தூங்கும், அதை ஒரு பணக்காரன் தன்னோட விருந்தாளிக்காகப் பிடிச்சுட்டுப் போய் சமைச்சுட்டான். தாவீது கொதிச்சுப்போய் அவன் சாகணும்னாரு. "நீயே அந்த மனுஷன்"னாரு நாத்தான். மடியில தூங்கற அந்தக் குட்டி இல்லேன்னா தாவீது அசைஞ்சிருக்கவே மாட்டாரு.

டீட்ரிக் போன்ஹோஃபர்னு ஒரு ஜெர்மன் இறையியலாளர், 21 வயசுலயே டாக்டர் பட்டத்துக்கான ஆய்வை முடிச்சவர். ஹிட்லரை எதிர்த்த குழுவுல இருந்தாரு, 1943 ஏப்ரல்ல கைதாகி பெர்லின்ல டேகல் சிறைக்குப் போனாரு. அறவியல் பத்தி எழுதிட்டிருந்த புத்தகம் பாதியில நின்னுபோச்சு. சிறையில உக்காந்து அவர் என்ன எழுதிப் பாத்தாரு தெரியுமா? ஒரு நாடகம், அப்புறம் ஒரு நாவல். ரெண்டும் முடியல.

அங்கயே, உண்மை பேசறதுன்னா என்னன்னு ஒரு கட்டுரையும் ஆரம்பிச்சாரு. அதுல ஒரு டீச்சர் வகுப்பு முன்னாடி ஒரு பையன்கிட்ட, உங்கப்பா அடிக்கடி குடிச்சுட்டு வர்றாராமேன்னு கேக்கறாரு. உண்மைதான். ஆனா பையன் இல்லைங்கறான். கட்டளைய மட்டும் வச்சுப் பாத்தா அவன் சொன்னது பொய், முடிஞ்சுது. போன்ஹோஃபர் அங்க நிறுத்தல. அந்தக் கேள்விய கேக்கவே டீச்சருக்கு உரிமை இல்ல, ஒரு குடும்பத்துக்குள்ள கைய விடறாரு, அதைத் தடுத்துப் பேசத் தெரியற வயசு அவனுக்கு இல்ல, அதனால அவன் சொன்னது பொய்யா இருந்தாலும் அப்பாவ எல்லார் முன்னாடியும் காட்டிக் கொடுக்கறதைவிட அதுல உண்மை ஜாஸ்தி, குத்தம் டீச்சரோடதுன்னு எழுதறாரு. இதை எழுதும்போது அவரே விசாரணைக் கைதி.

கொள்கைய முதல்ல முடிவு பண்ணிட்டு அதுக்கு உதாரணமா கதை தேடறவங்க உண்டு, எனக்கு அது பிடிக்காது. அந்தப் பையன் எழுந்து நின்னதுக்கு அப்புறம்தானே உண்மைன்னா என்னங்கற கேள்வியே பிறக்குது.

விசுவாசத்துக்கும் இப்படித்தான். ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி ஆழமான விசுவாசி, 1878ல மூணு வயசுகூட ஆகாத மகனைப் பறிகொடுத்தவர். அதுக்கப்புறம் எழுதின கரமசோவ் சகோதரர்கள் நாவல்ல, சித்திரவதைப்பட்ட குழந்தையோட கண்ணீரைக் காட்டி, இந்த விலைக்கு எனக்கு சொர்க்கம் வேண்டாம், டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துடறேன்னு இவான் சொல்றானே, அந்த வாதத்தை அவர் கொஞ்சம்கூட பலவீனமாக்கல. எதிர்ல உக்காந்திருக்கற தம்பி அல்யோஷா ஒரு மடத்துத் துறவி மாணவன், அவன்கிட்டயும் அதை மடக்கற பதில் இல்ல, கடைசியில அண்ணனை முத்தமிடறான், அவ்வளவுதான். இறையியலாளர் ரோவன் வில்லியம்ஸ், இங்கிலாந்து திருச்சபையோட தலைமைப் பேராயரா, அதாவது காண்டர்பரி பேராயரா இருக்கும்போதே தஸ்தயேவ்ஸ்கி பத்தி ஒரு முழுப் புத்தகம் எழுதினாரு, 2008ல வந்துச்சு.

இவானும் அல்யோஷாவும் பேசிக்கற அந்தப் பகுதிய மட்டுமாவது படிங்க, உடனே வசனம் தேடிப் போகாம ரெண்டு நாள் மனசுல வச்சிருங்க. அப்புறம் எனக்கு எழுதுங்க.