பூட்டனாருக்கு வைத்தது செய்வினையா?

கேள்வி: எங்கள் பூட்டனார் 1943 ஆவணியில், சாகாமத்துக் காட்டில் சேனை வெட்டப் போன இடத்தில் இறந்தார். அவரும் தம்பியாரும் காட்டில் தோண்டிய கிழங்கை அவித்துச் சாப்பிட்டார்களாம். விடியப்புறம் இருவருக்கும் வாந்தி, வயிற்றோட்டம். மூன்றாம் நாள் பூட்டனார் போய்விட்டார். தம்பியார் பிழைத்தார், ஆனால் பதினைந்து நாளுக்குள் தலைமுடி முழுவதும் கொட்டிவிட்டதாம். அயல் வளவுக்காரர் வைத்த செய்வினை என்று சொல்லி, இன்றுவரை அந்தக் குடும்பத்தோடு எங்களுக்குப் போக்குவரத்து இல்லை. “கலப்பை போல வளைந்த கிழங்கு” என்று அம்மம்மா சொல்வார். உண்மையை அறிய வழி உண்டா?
– வாசகி, திருக்கோவில்

பதில்: மகள், உங்கள் அம்மம்மா காரணத்தையே சொல்லி வைத்திருக்கிறார். கலப்பைக் கிழங்கு என்பது கார்த்திகைப் பூக் கொடியின் கிழங்கு. மழை பிடித்ததும் வேலியில் ஏறிச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்குமே, அதுதான். ஆவணியில் கொடி காய்ந்து மடிந்திருக்கும். அடையாளம் காட்ட இலையும் இல்லை, பூவும் இல்லை. மண்வெட்டியில் பட்டதை வள்ளிக் கிழங்கென்று நினைத்திருப்பார்கள். பர்மா அரிசி நின்றுபோன யுத்த காலம் வேறு. இதிலுள்ள கொல்ச்சிசின் என்ற நஞ்சு அவித்தாலும் போகாது.

என் ஐயத்தைத் தீர்த்தது அந்த முடிதான். உடம்பில் வேகமாகப் பெருகும் கலங்களை இந்த நஞ்சு பிரியவிடாது. அதனால் முதலில் குடல், அப்புறம் முடியின் வேர். தப்பியவருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் முடி கொட்டும், பிறகு முளைக்கும். கடும் காய்ச்சலுக்குப் பிறகும் கொட்டும்தான். ஆனால் அதற்கு இரண்டு மூன்று மாதம் எடுக்கும். நான் உதவி வைத்திய அதிகாரியாக இருந்தபோது இதே கிழங்கைத் தின்ற ஓர் இளம்பெண்ணைப் பார்த்தேன். எட்டாம் நாள் சீப்போடு முடி கொத்தாக வந்தது. பேய் பிடித்துவிட்டதென்று தாய் அழுத அழுகை இன்னும் காதில் நிற்கிறது.

எழுத்தில் தேட வேண்டுமானால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் இறப்புப் பதிவின் பிரதி கேளுங்கள். திகதி சரியாகத் தெரியாவிட்டால் 1943 ஆவணி, புரட்டாதி என்று காலத்தைக் குறித்துத் தேடச் சொல்லுங்கள். அம்பாறை மாவட்டம் 1961இல்தான் பிரிந்தது. ஆகவே விண்ணப்பத்தில் மட்டக்களப்பு மாவட்டம் என்பதையும் எழுதுங்கள். காரணம் என்ற இடத்தில் நஞ்சு என்று இருக்காது. வீட்டார் சொன்னதைத்தான் அந்தக் காலத்தில் எழுதினார்கள். ‘வாந்தி, வயிற்றோட்டம்’ என்றிருந்தாலே போதும்.

அந்த அயல் வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் பத்திரம் வரும்வரை பார்த்திருக்க வேண்டாம், மகள். இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே போய் வாருங்கள்.