காலையில் மட்டும் மக்கர் பண்ணும் லாரி

கேள்வி: ஆறு சிலிண்டர் லாரி, வாங்கி எட்டு வருஷமாகிறது. பகலில் எத்தனை தடவை நிறுத்தினாலும் சாவியைத் திருப்பியதும் எடுத்துவிடும். ராத்திரி முழுக்க நின்றுவிட்டால் காலையில் செல்ஃப் அடித்தே ஓய்ந்து போகிறோம். மார்கழிக் குளிர்தான் காரணம், நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) செட்டையே மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா சார்?
- ஒரு வாசகர், மாதவரம்

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். சென்னையில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும், லாரி இன்ஜினுக்கு அதெல்லாம் ஒரு குளிரே இல்லை. நல்ல நிலையில் உள்ள இன்ஜின் அந்த வெப்பத்தில் எந்த ஹீட்டரும் இல்லாமலே எடுக்க வேண்டும். அதனால் குளிரை விட்டுவிடுங்கள், ராத்திரி முழுக்க சும்மா நிற்கும்போது வண்டிக்குள் என்ன மாறுகிறது என்று பாருங்கள்.

நாளைக் காலை ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும், நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை. கண்ணெரிய வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியத்தான் இல்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு, இதைப் பார்க்காமலே பம்ப், நாசில் என்று கழற்றுவதில்தான் லாரிக்காரர்களின் காசு கரைகிறது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் டீசல் லைனில் ஏர் எடுப்பதில்தான். டேங்க் கீழே இருக்கிறது, பம்ப் மேலே. நடுவில் எங்காவது தலைமுடி அளவு இடைவெளி இருந்தால் போதும், வண்டி நின்றதும் அது வழியாகக் காற்று உள்ளே நுழையும், லைனில் இருக்கும் டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். காற்று உள்ளே போகிறதே தவிர டீசல் வெளியே சொட்டுவதில்லை, அதனால் கீழே ஒரு சொட்டு ஈரம்கூடத் தெரியாது, மெக்கானிக்கும் லீக் இல்லை என்று சொல்லிவிடுவார். உறுதி செய்துகொள்ள ஒரு வழி உண்டு: காலையில் சாவியைத் தொடுவதற்கு முன்னால் ஃபில்டர் மேல் இருக்கும் ஹேண்ட் பம்பை அடியுங்கள். முதலில் கைக்கு எந்த எதிர்ப்பும் இல்லாமல் தொளதொளவென்று போய், பத்து இருபது அடிக்குப் பிறகு இறுகி, அப்புறம் செல்ஃப் அடித்ததும் வண்டி எடுத்துவிட்டதென்றால் வேறு எதையும் தேட வேண்டாம். எந்த இடம் என்பதற்கு, டேங்கிலிருந்து வரும் லைனில் உள்ளே ஓடுவது வெளியே தெரியும் பிளாஸ்டிக் ட்யூப் ஓரடி மாட்டி ஓடவிட்டுப் பாருங்கள், குமிழி தெரியும். ட்யூபை டேங்க் பக்கத்திலிருந்து ஒவ்வொரு ஜாயிண்டாகத் தள்ளிக்கொண்டே போனால் குமிழி எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கேதான் கோளாறு. நசுங்கிய காப்பர் வாஷர், வெடித்த ரப்பர் ஹோஸ், ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் ரிங்கை எடுக்காமல் அதன் மேலேயே புதுசை வைத்து முறுக்கியது, பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். காமன் ரெயில் வண்டி (எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் வண்டி) என்றால் ஒரு எச்சரிக்கை: லைனில் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறேன் என்று நாசிலுக்குப் போகும் பைப்பை யாரும் தளர்த்தக் கூடாது, அங்கே இருக்கும் அழுத்தம் தோலைக் கிழித்து டீசலை உடம்புக்குள் ஏற்றிவிடும்.

வெள்ளைப் புகை வருகிறது என்றால் செல்ஃப் சுற்றும் வேகத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றை அழுத்தும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் காற்று பிஸ்டன் ரிங் இடுக்கில் கசியவும் சூடு சிலிண்டர் சுவரில் இறங்கவும் நேரம் கிடைத்துவிடும். 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரி, ஒன்று கெட்டாலும் மற்றதையும் சேர்த்து இழுத்துவிடும், அதனால் தனித்தனியாக அளந்து பாருங்கள். நின்ற நிலையில் ஒவ்வொன்றும் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது மே மாத வெயில், அந்தச் சாவு டிசம்பரில்தான் வெளியே தெரிகிறது. எர்த் கேபிள் சேசிஸைத் தொடும் இடத்தில் துரு இருந்தால் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் வெள்ளைப் புகைதான் என்றால் வால்வு கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி), கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்ற சோதனை), நாசில் சொட்டுகிறதா என்று வரிசையாகப் போங்கள். நாசில் செட் கடைசியில்தான்.

கேள்வி: ஊட்டியிலிருந்து கோயம்பேட்டுக்கு கேரட் ஏற்றும் மினி லாரி. சென்னையில் பிரச்சினையே இல்லை, ஊட்டியில் ராத்திரி நின்றால்தான் காலையில் எடுக்க மாட்டேன் என்கிறது.
- ஒரு ஓட்டுநர், நெற்குன்றம்

பதில்: உங்களுக்குக் குளிரே காரணமாக இருக்கலாம். ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். உங்கள் வண்டியில் ஹீட்டர் பிளக் (எடுப்பதற்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) இருந்தால் ஒன்றிரண்டு செத்திருக்கும், சென்னையில் அதன் தேவையே இல்லாததால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. வயரைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பிளக்கையும் மல்டிமீட்டரில் பாருங்கள்: ஒரு ஓம் பக்கத்தில் காட்டினால் நல்லது, எதுவுமே காட்டாவிட்டால் போய்விட்டது. எல்லாம் சரியாக இருந்தால் ரிலேயையும் ஃபியூஸையும் பாருங்கள். டீசல் உறைந்துவிட்டதோ என்ற பயம் ஊட்டிக்கு வேண்டாம், அது லடாக் மாதிரி இடங்களின் பிரச்சினை. அங்கே மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் தனியாகவே கொண்டுவந்தது.

கேள்வி: ஏர் ஃபில்டரில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடித்தால் உடனே எடுக்கிறது. தினமும் அடிக்கலாமா?
- ஒரு கிளீனர், மணலி

பதில்: தம்பி, வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் ஈதர், பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்பே வெடிக்கும், ரிங்கும் பிஸ்டனும் உடையும். ஹீட்டர் உள்ள வண்டியில் காற்றுக் குழாயிலேயே தீப்பிடிக்கலாம், பக்கத்தில் நிற்கப்போவது நீங்கள்தான். எண்ணெய்த் துணியைக் கொளுத்திக் காட்டுவதும் அதே ஆபத்துதான். ஸ்பிரேக்கு எடுக்கிறது என்றால் டீசல் சரியாகப் போய்ச் சேரவில்லை, அல்லது அதைப் பற்றவைக்கச் சூடு போதவில்லை, மேலே மாதவரத்துக்காரருக்குச் சொன்னதை முதலாளியிடம் காட்டுங்கள். அதுவரை ஒரு தடவைக்கு 10, 15 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், அடுத்ததற்கு முன் ஒரு நிமிஷமாவது விடுங்கள், இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டாரும் புகைந்துபோகும்.