தர்மபுரி அச்சகத்தில் ஸாப்ஃபினோ எழுத்து மாறிப்போவது

திருமண அழைப்பிதழில் மணமக்கள் பெயரை ஸாப்ஃபினோ என்ற கையெழுத்துப் பாணி ஆங்கில எழுத்துருவில் அடித்திருந்தால், கோப்பை அச்சகத்துக்கு அனுப்பும் முன் அந்தப் பெயரை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிவிடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் டைப் மெனுவில் 'கிரியேட் அவுட்லைன்ஸ்'. கோரல்டிராவில் 'கன்வர்ட் டு கர்வ்ஸ்'.

உங்கள் மேக்கில் அழகாகத் தெரிந்த பெயர், தர்மபுரி அச்சகத்து ப்ரூஃபில் வெறும் அச்செழுத்தாக வந்ததென்றால், காரணம் பெரும்பாலும் இதுதான்: ஸாப்ஃபினோ மேக்கோடு வருவது, விண்டோஸோடு வராது. பிடிஎஃப்பை அக்ரோபேட்டில் திறந்து, ப்ராப்பர்ட்டீஸில் ஃபாண்ட்ஸ் பட்டியலைப் பாருங்கள். ஸாப்ஃபினோ பக்கத்தில் 'எம்பெடட்' (எழுத்துரு கோப்புக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது) என்று இல்லையென்றால் சிக்கல் அங்கேதான்.

இன்னொன்று, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டியிருந்தால் பூஜ்யமாக்குங்கள். எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் ஸாப்ஃப் 1944-இல் கையால் எழுதிய வடிவங்களிலிருந்து பிறந்து 1998-இல் வெளிவந்த எழுத்துரு இது. ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் உண்டு; பக்கத்து எழுத்தைப் பார்த்துத்தான் வடிவம் மாறும். இடைவெளி கூட்டினால் அந்த ஓட்டமே கெட்டுவிடும். முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் அடிக்கவும் வேண்டாம், படிக்கவே முடியாது. ஒய், ஜி போன்றவற்றின் வால் நன்றாகக் கீழே இறங்கும். அடியில் வரும் 'திருவளர்செல்வி' வரியைத் தாராளமாகத் தள்ளி வையுங்கள்.

அவுட்லைன் ஆனபின் எழுத்துப்பிழையைத் தட்டித் திருத்த முடியாது. அதனால் அசல் கோப்பைத் தனியாகச் சேமியுங்கள். தங்க ஃபாயில் போடுவதாக இருந்தால் மெல்லிய கோடுகள் விட்டுப்போகலாம். மொத்தமாக ஓட்டும் முன் அதே அட்டையில் ஒரு மாதிரி கேட்டு வாங்குங்கள்.