முந்திரிக்குத் தையில் அரிவாள் வைக்கலாமா?

கேள்வி: மேலூர் பக்கம் செம்மண் காட்டில் 7 மீட்டர் இடைவெளியில் 12 வயது முந்திரி ஒட்டு மரங்கள் நிற்கின்றன. வாதுகள் (கிளைகள்) ஒன்றோடொன்று பின்னி, உச்சியில்தான் காய்க்கிறது. தை பிறந்ததும் தலையை வெட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். முந்திரி புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். தையில் வெட்டினால் பூங்கொத்தையே வெட்டிப் போடுகிறீர்கள். வைகாசியில் கடைசிக் கொட்டையைப் பொறுக்கிய பிறகு, ஆனி ஆடியில் ஒரு மழை கிடைத்ததும் கவாத்து (கிளை கழித்தல்) செய்யுங்கள். ஆவணி, புரட்டாசி மழைக்குத் துளிர்த்துவிடும்.

முதலில் பட்ட கொப்புகள், உரசும் வாதுகள், தரையிலிருந்து முக்கால் மீட்டருக்குள் தொங்குபவை ஆகியவற்றைக் கழியுங்கள். ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே கிளம்பும் துளிர் எதுவானாலும் நீக்குங்கள். அது ஒட்டு ரகம் அல்ல, அடியில் இருக்கும் நாட்டு மரம். பிறகு நடுவில் செங்குத்தாக நிற்கும் ஒன்றிரண்டை எடுத்தால் போதும். உச்சிவெயிலில் மரத்தடியில் காசு காசாக வெளிச்சம் விழுகிறதா பாருங்கள். விழுந்தால் ரம்பத்தைக் கீழே வைத்துவிடலாம். ஒரு வருடத்தில் கால் பங்குக்கு மேல் கழிக்கக் கூடாது. மொட்டையடித்தால் சித்திரை வெயில் நேரே பட்டையில் அடித்து வெடிக்கும். அந்த வெடிப்பில் தண்டுத் துளைப்பான் வண்டு முட்டையிடும்.

தடித்த வாதை அரிவாளால் கொத்தாதீர்கள், பட்டை உரிந்து தண்டு வரை வரும். கைரம்பத்தால், தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை விழும். மிஞ்சிய குட்டையைக் கிளை பிறக்கும் இடத்துப் புடைப்பை ஒட்டி எடுங்கள். புடைப்பையே அறுத்தால் காயம் மூடாது. மரத்தின் பால் நம் தோலைப் புண்ணாக்கும், கையுறை அவசியம்.

அன்றே வெட்டுக்காயத்தில் போர்டோ பசை (பூஞ்சணம் தடுக்கும் பூச்சு) பூசுங்கள்: அரை லிட்டர் நீரில் 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), இன்னொரு அரை லிட்டரில் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு. இரண்டையும் பிளாஸ்டிக் வாளியில் கலக்குங்கள், இரும்பு ஆகாது. பளபளப்பான கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை.

கவாத்துக்குப் பின் மாதம் ஒருமுறை அடிமரத்தைப் பாருங்கள். பிசினும் மரத்தூளும் தெரிந்தால் பட்டையைச் செதுக்கிப் புழுவை எடுத்துவிடுங்கள். சுற்றளவில் பாதிக்கு மேல் பட்டை போன மரம் தேறாது. வேரோடு எடுத்து எரிக்காவிட்டால் வண்டு பக்கத்து மரத்துக்குப் போகும்.