பாரிஸில் எடுத்து ரோமில் விடும் வாடகைக் கார்: ஏஜென்ட் சொல்லாத கணக்கு

கேள்வி: கோவையிலிருந்து நான், மனைவி, 10 வயது மகன், 68 வயது அம்மா என நான்கு பேர் செப்டம்பரில் ஐரோப்பா போகிறோம். பாரிஸ், லுசேர்ன், ஃப்ளோரன்ஸ், ரோம். ஒவ்வொன்றிலும் மூன்று இரவு. அம்மாவுக்கு முட்டி வலி. பெட்டிகளும் நிறைய. "பாரிஸில் கார் எடுத்து ரோமில் விட்டுவிடுங்கள், நாளுக்கு 45 யூரோதான், ரயிலைவிட மலிவு" என்கிறார் டிராவல் ஏஜென்ட். 15 வருடமாகக் கார் ஓட்டுகிறேன். எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள்.

உங்கள் திட்டத்தில் கார் ஓடப்போவது மூன்றே நாள்: பாரிஸிலிருந்து லுசேர்னுக்கு ஒரு நாள், அங்கிருந்து ஃப்ளோரன்ஸுக்கு ஒரு நாள், பிறகு ரோமுக்கு ஒரு நாள். மீதி ஒன்பது நாளும் ஏதாவது ஒரு பார்க்கிங்கில் சும்மா நிற்கும். அதற்கும் வாடகை உண்டு, நிற்கும் இடத்துக்கும் வாடகை உண்டு. இந்த நான்கு ஊர்களிலும் நகர மையத்தில் ஒரு நாள் பார்க்கிங்குக்கு 25 முதல் 40 யூரோ வரை எளிதாகப் போய்விடும். லுசேர்னில் இருக்கும்போது மலைக்குப் போகக் கார் வேண்டுமே என்று நினைப்பீர்கள். ரிகி மலை உச்சிக்குக் கார் போகாது. 1871இலிருந்து அங்கே பல்சக்கர ரயில்தான்.

ஏஜென்ட் சொன்ன 45 யூரோ, 12 நாளுக்கு 540 ஆகிறது. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விடுவதற்கான கட்டணம் எவ்வளவு? பிரெஞ்சு நம்பர் பிளேட் வண்டியை யாராவது திரும்பக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கூலி உங்கள் தலையில்தான் விழும், அது பல நூறு யூரோவாக இருக்கும். சில வகை வண்டிகளை அப்படி விடவே அனுமதிப்பதில்லை. அதன்மேல் சுமார் 1,450 கிலோமீட்டருக்குப் பெட்ரோல், பிரான்ஸிலும் இத்தாலியிலும் நெடுஞ்சாலைச் சுங்கம், சுவிட்சர்லாந்தில் விக்னெட் என்கிற நெடுஞ்சாலை வில்லை. இந்த வில்லை 40 ஃபிராங்க். அங்கே ஒரு நாள் வில்லை, ஒரு வார வில்லை எதுவும் கிடையாது. குறுக்கே கடந்து போகிறவரும் வருடச் சந்தாதான் கட்ட வேண்டும். மகனுக்கு 150 செ.மீ. உயரம் இல்லையென்றால் குழந்தை இருக்கை கட்டாயம், அதற்கும் நாள் வாடகை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

விக்னெட் விஷயத்தில் இன்னொன்று. இப்போது மின்னணு வடிவத்திலும் கிடைக்கிறது. வாங்க வேண்டிய இடம் சுவிஸ் சுங்கத்துறையின் இணையதளம். கூகுளில் தேடினால் விளம்பரமாக முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் இடைத்தரகர்களுடையவை. அதே வில்லைக்குச் 'சேவைக் கட்டணம்' சேர்த்து விற்பார்கள். அரசு முத்திரை போல ஏதோ ஒன்றைப் போட்டிருப்பார்கள், ஏமாந்துவிடாதீர்கள்.

இனி, எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன்: இன்ஷூரன்ஸ். வாடகையில் அடிப்படைக் காப்பீடு சேர்ந்திருக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் வண்டிக்குச் சேதம் வந்தால் முதல் 1,500 யூரோ, 2,000 யூரோ வரை உங்கள் பொறுப்பு. அந்தத் தொகையையோ அதில் ஒரு பெரும்பகுதியையோ வண்டி எடுக்கும்போதே கிரெடிட் கார்டில் பிளாக் செய்வார்கள். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை பல ஒப்பந்தங்களில் காப்பீட்டுக்குள்ளேயே வராது.

இடையில் நிற்கும் புக்கிங் தளமோ ஏஜென்டோ, "முழுப் பாதுகாப்பு, நாளுக்குச் சில யூரோதான்" என்று ஒரு பெட்டியை டிக் செய்யச் சொல்லும். செய்துவிடுவீர்கள். பாரிஸ் கவுன்ட்டரில் அந்தக் காகிதத்தை நீட்டினால், "இது எங்களுடையது இல்லை" என்பார்கள். பொய் சொல்லவில்லை. நீங்கள் வாங்கியது, பணத்தைக் கட்டிய பிறகு திரும்பக் கேட்கும் காப்பீடு. கீறல் விழுந்தால் கார் கம்பெனி முதலில் உங்கள் கார்டில் எடுத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் பில், போட்டோ, ஒப்பந்த நகல் எல்லாவற்றையும் சேர்த்து வேறொரு நிறுவனத்துக்கு மனுப்போட வேண்டும். கவுன்ட்டரில் இருப்பவரோ, பத்து மணி நேர விமானப் பயணம் முடிந்து தூக்கக் கலக்கத்தில் நிற்கும் உங்களிடம் தன் கம்பெனியின் காப்பீட்டை விற்கப் பார்ப்பார். பயத்தில் வாங்குவீர்கள். ஒரே ஆபத்துக்கு இரண்டு முறை பணம். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கார்டு வண்டி ஓட்டுபவர் பெயரில் இருக்க வேண்டும். மனைவியின் கார்டைக் காட்டி உங்கள் பெயரில் வண்டி எடுக்க முடியாது. வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு டெபாசிட்டுக்கு அநேகமாக எங்கும் செல்லாது. நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே இயக்கிவைக்க வேண்டும், 2020இலிருந்து ரிசர்வ் வங்கி விதி அப்படி. இங்கேயே ஆப்பில் பார்த்துவிடுங்கள். மெஷினில் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் கை வைப்பார்கள்.

"இந்திய லைசென்ஸே போதும், இங்கிலீஷில்தானே இருக்கிறது" என்றும் ஏஜென்ட் சொல்லியிருப்பார். இத்தாலிக்குப் போதாது. அங்கே ஐ.டி.பி. எனப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும், இல்லையென்றால் முறையான மொழிபெயர்ப்பு வேண்டும். கவுன்ட்டரில் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடலாம். விபத்து நடந்த பிறகு போலீஸ் கேட்கும், காப்பீட்டுக்காரன் கேட்பான். ஐ.டி.பி.யை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகமே கொடுக்கிறது, மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 1,000 ரூபாய், அதிகபட்சம் ஒரு வருடம் செல்லும். இணையத்தில் 'பத்து வருட இன்டர்நேஷனல் லைசென்ஸ்' என்று பளபளப்பான அட்டை விற்கிறார்களே, அது வெறும் பிளாஸ்டிக். அலுவலக வாசலில் நிற்கும் புரோக்கருக்கும் வேலை இல்லை. ஆன்லைனில் எல்லாம் போட்ட பிறகும் நேரில் வரச்சொல்லி அலையவிடும் அலுவலகங்கள் இருப்பதால்தான் அவர் பிழைக்கிறார், அது வேறு கதை.

இத்தாலியில் இன்னும் பெரிய பொறி இசட்.டி.எல். எனப்படும் கட்டுப்பாட்டு மண்டலம். ஃப்ளோரன்ஸ், ரோம் இரண்டிலும் பழைய நகரத்துக்குள் வெளியார் வண்டி நுழையக் கூடாத நேரங்கள் உண்டு. தடுப்புக் கட்டை இருக்காது, போலீஸ் இருக்க மாட்டார். ஒரு பலகை, ஒரு கேமரா. வழிகாட்டும் ஆப் சொன்னபடி ஹோட்டலைத் தேடி இரண்டு முறை சுற்றினால் இரண்டு அபராதம். உள்ளே ஹோட்டல் இருந்தால் அவர்கள் உங்கள் வண்டி எண்ணைப் பதிவு செய்துதரலாம், நீங்கள் கேட்டால். அபராதச் சீட்டு முதலில் கார் கம்பெனிக்குப் போகும். உங்கள் பெயரையும் முகவரியையும் போலீஸுக்கு அனுப்பியதற்காகக் கம்பெனி சுமார் 50 யூரோவை உங்கள் கார்டில் எடுத்துக்கொள்ளும். ஒரு மின்னஞ்சல் அனுப்ப 50 யூரோ! இது அபராதம் இல்லை. அது தனியாகக் கோவைக்குத் தபாலில் வரும்.

சரி, அம்மாவின் முட்டி. உங்கள் கேள்வியில் உண்மையான கவலை இதுதான். இதற்கும் கார் பதில் இல்லை. பாரிஸிலிருந்து லுசேர்னுக்குச் சுமார் 600 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினாலே ஆறரை மணி நேரம், வலிக்கும் முட்டியை மடக்கி பின்சீட்டில். ரயிலில் பாரிஸ் கார் டி லியோன் நிலையத்திலிருந்து சுவிஸ் எல்லை நகரமான பாசலுக்கு மூன்று மணி நேரம், அங்கே மாறி லுசேர்னுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நடுவில் எழுந்து நடக்கலாம். லுசேர்னிலிருந்து மிலான் போய் மாறினால், அங்கிருந்து ஃப்ளோரன்ஸுக்கு இரண்டு மணி நேரம், ஃப்ளோரன்ஸிலிருந்து ரோமுக்கு ஒன்றரை. காரில் போனால், லுசேர்னிலிருந்து இத்தாலிக்குப் போகும் வழியில் ஆல்ப்ஸைக் குடையும் கோட்ஹார்ட் சுரங்கப்பாதைக்கு வெளியே கோடையிலும் வார இறுதியிலும் கிலோமீட்டர் கணக்கில் வரிசை நிற்கும். ரயில் 2016இல் திறந்த 57 கிலோமீட்டர் சுரங்கத்தில் புகுந்து போய்விடும்.

ரயில் ஏற, இறங்க உதவி இலவசம். இத்தாலியில் பெரிய நிலையங்களில் 'சாலா ப்ளூ' என்றே ஒரு சேவை இருக்கிறது; சக்கர நாற்காலி, ஏற்றும் லிஃப்ட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பிரான்ஸிலும் சுவிட்சர்லாந்திலும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. குறைந்தது ஒரு நாள் முன்பே பதிவு செய்யுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஹோட்டலுக்கும் நிலையத்துக்கும் டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அதிவேக ரயில் கட்டணம் விமானம் போல நாள் நெருங்க ஏறும். கடைசி வாரத்தில் நான்கு பேருக்கு எடுத்தால் ஏஜென்ட் சொல்வது உண்மையாகிவிடும். சுவிட்சர்லாந்துக்குள் பெரியவர்கள் சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்தால், 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் குடும்ப அட்டை இலவசம். மகன் உங்களோடு டிக்கெட் இல்லாமல் போகலாம். ரிகி ரயிலும் அதில் அடக்கம்.

ஒரே ஒரு இடத்தில் காருக்கு ஆமாம் சொல்வேன். ஃப்ளோரன்ஸில் இருக்கும் மூன்று நாளில் ஒரு நாளை டஸ்கனி கிராமங்களுக்கு ஒதுக்கினால், கார் எடுங்கள். சான் ஜிமிஞானோவுக்கு ரயில் கிடையாது. மோன்டெபுல்சானோவுக்கு ரயில் நிலையம் பெயருக்கு இருக்கிறது, ஊரோ தூரத்தில் மலைமேல். கியான்டி திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, நினைத்த இடத்தில் நிறுத்தி அம்மாவை உட்காரவைத்துப் போவதற்குக் காரைவிட நல்லது இல்லை. (சியெனா மட்டும்தான் என்றால் பஸ்ஸே போதும்.)

காரை நகர மையத்தில் எடுக்காதீர்கள். ஃப்ளோரன்ஸ் விமான நிலையத்தில் எடுங்கள். மையத்திலிருந்து டி2 டிராமில் இருபது நிமிடம், இசட்.டி.எல். தொல்லை இல்லை. ஆட்டோமேட்டிக் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள், இல்லையென்றால் கியர் வண்டிதான் தருவார்கள். இடப்பக்கம் ஓட்டிப் பழகிய உங்களுக்கு, வலப்பக்கச் சாலையில் வலது கையால் கியர் மாற்றும் வேலையும் சேர்ந்தால் முதல் ரவுண்டானாவிலேயே வியர்த்துவிடும். பெட்டிகள் ஹோட்டலிலேயே இருக்கட்டும், சுற்றுலாப் பயணிகளின் வண்டியில் பெட்டி தெரிந்தால் கண்ணாடியை உடைப்பவர்கள் இருக்கிறார்கள். ஃப்ளோரன்ஸ் - சியெனா விரைவுச்சாலைக்குச் சுங்கம் கிடையாது. பார்க்கிங்கில் வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் கோட்டில் நிறுத்தாதீர்கள். மலை ஊர்களில் மதில் சுவருக்கு வெளியே நிறுத்துங்கள், உள்ளே அங்கேயும் கேமரா.

வாடகை நாள் 24 மணி நேரம். ஒரு மணி நேரம் தாண்டினால் இன்னொரு நாள் வாடகை கேட்பார்கள். டேங்கை நிரப்பி, ஊழியர் இருக்கும் நேரத்தில் திருப்பிக் கொடுங்கள். சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால், அவர்கள் வந்து பார்க்கும்வரை வண்டிக்கு நீங்கள்தான் பொறுப்பு. எடுக்கும்போதும் விடும்போதும் நான்கு பக்கமும் சக்கரங்களும் தெரியப் போட்டோ எடுங்கள், சேதம் இல்லை என்று எழுதி வாங்குங்கள். ஊர் திரும்பியதும் அவற்றை அழித்துவிடாதீர்கள். வெளிநாட்டவருக்கு அபராதச் சீட்டு அனுப்ப இத்தாலிக்காரர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. வந்தால், ஐந்து நாளுக்குள் கட்டுபவருக்கு 30 சதவீதம் தள்ளுபடியும் தருகிறார்கள்.