சீஸ் உருளைக்கிழங்கு கேசரோலில் எண்ணெய் பிரிவது ஏன்?

கேள்வி: குடும்ப விருந்துக்காக இருபது பேருக்குச் சீஸ் உருளைக்கிழங்கு கேசரோல் செய்தேன். பச்சைக் கிழங்கை அடுக்கி, பாலும் சீஸும் சேர்த்து ஓவனில் வைத்தேன். மேலே எண்ணெய் மிதந்தது, அடியில் பால் திரிந்திருந்தது, நடுவில் கிழங்கு வேகவே இல்லை. அடுத்த விருந்துக்கு முதல் நாளே தயார் செய்து வைக்கலாமா?

பதில்: தாராளமாக வைக்கலாம். உங்களுக்கு நேர்ந்த மூன்று கோளாறுகளுக்கும் வேர் ஒன்றுதான். கிழங்குக்கு நீண்ட நேரச் சூடு வேண்டும். சீஸுக்கு அது ஆகாது. கிழங்கு வெந்து முடிவதற்குள் சீஸின் புரதம் இறுகி, கொழுப்பைக் கக்கிவிடுகிறது. எனவே இரண்டையும் தனித்தனியே பக்குவப்படுத்திய பிறகே ஓவனில் ஒன்றுசேர்க்க வேண்டும்.

மற்ற உணவுகளும் இருக்கும் விருந்தென்றால், இருபது பேருக்கு 3 கிலோ கிழங்கு போதும். தோல் சீவி, அரை சென்டிமீட்டர் கனத்தில் வில்லைகளாக நறுக்கி, உப்பிட்ட குளிர்ந்த நீரில் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கிற நீரில் போட்டால் ஓரம் குழைந்த பிறகும் நடுப்பகுதி விறைப்பாகவே நிற்கும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, ஐந்து நிமிடத்திலிருந்தே பதம் பார்க்கத் தொடங்குங்கள். கத்தி முனை சற்றே தயங்கி இறங்க வேண்டும்; வில்லை உடையக் கூடாது. வடித்தவுடன் துணியில் பரப்பி ஆவி அடங்க விடுங்கள். ஈரத்தோடு அடுக்கினால் அத்தனை நீரும் தட்டின் அடியில் போய்த் தேங்கும். பச்சையாக அடுக்கி இரவு முழுக்க வைத்தால் கிழங்கு கறுத்துவிடும்; அரைவேக்காட்டில் அந்தத் தொல்லையும் இல்லை.

அடுத்தது ஒயிட் சாஸ். 100 கிராம் வெண்ணெயை உருக்கி, அதே அளவு மைதாவைப் போட்டு, நிறம் மாறாமல் பச்சை வாசனை போக வறுத்து, ஒன்றரை லிட்டர் கொழுப்பு நீக்காத பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுங்கள். பால் திரியாமல் காப்பது இந்த மாவுதான்; அதைக் குறைத்துச் சிக்கனம் பிடிக்க வேண்டாம். கரண்டியின் பின்புறம் விரலால் கோடு இழுத்தால் அது மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். அந்த நிலை வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, அதன் பிறகு 400 கிராம் சீஸ் துருவலைக் கைப்பிடி கைப்பிடியாகக் கலக்குங்கள். சீஸ் சேர்ந்த சாஸை மறுபடி கொதிக்க விடாதீர்கள். உப்பையும் கடைசியில் ருசி பார்த்தே போடுங்கள். சீஸிலேயே நிறைய இருக்கிறது.

எந்தச் சீஸ்? மொசரெல்லா மட்டும் போட்டால் நூல் நூலாக இழுபடும், ருசி இருக்காது. செடாரில் ருசி உண்டு. பழையதாக ஆக ஆக எண்ணெய் பிரியும் குணமும் கூடும். இளம் செடாரோடு கொஞ்சம் பிராசஸ்டு சீஸைச் சேர்ப்பதே என் தேர்வு. அதிலுள்ள உப்புகள் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். பிராசஸ்டு சீஸ் என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. இந்த உணவுக்கு அது கைகொடுக்கும். பாக்கெட்டில் துருவியே வரும் சீஸில் ஒட்டாமலிருக்க மாவுப்பொருள் தூவியிருப்பார்கள். அது மேலே தூவ மட்டும் போதும்.

எல்லாவற்றையும் ஒரே ஆழமான பாத்திரத்தில் நிரப்பாதீர்கள். நடுப்பகுதி சூடாவதற்குள் ஓரம் கருகும். இரண்டு அகலமான தட்டுகளில் நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கிழங்கும் சாஸும் மாறி மாறி அடுக்கி, ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மறுநாள், குளிர்ந்த கண்ணாடித் தட்டை நேரே சூடான ஓவனுக்குள் வைத்தால் விரிசல் விடலாம். குளிர் விட்ட பிறகே வையுங்கள். உலோகத் தட்டுக்கு அந்தக் கவலை இல்லை. அலுமினியத் தாளால் மூடி 180 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம். பிறகு தாளை எடுத்துவிட்டு, தனியாக 100 கிராம் சீஸைத் தூவி இன்னும் 15 நிமிடம். வெளியே எடுத்ததும் கால் மணி நேரம் தொடாதீர்கள். சாஸ் அப்போதுதான் இறுகும், துண்டு போட வரும்.

மீந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். திரும்பச் சூடாக்கும்போது இரண்டு கரண்டி பால் தெளித்து, மூடி வைத்தே சூடாக்குங்கள்.